தக்காளியின் ஒரு நிமிடம்

கேள்வி: வீட்டுக்குள் தக்காளி முளைப்பதை செல்போனில் டைம்லாப்ஸ் எடுக்கிறேன். படம் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டுகிறதே, ஏன்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தக்காளிச் சீமையிலிருந்து தக்காளிக்கே சினிமாவா, பலே! சிமிட்டுவது ஜன்னல் வெயில். மேகம் நகரும்போதெல்லாம் செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். திரையை இழுத்துவிட்டு, எல்.இ.டி. விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, எக்ஸ்போஷரை லாக் செய்யுங்கள். இரவில் 8 மணி நேரம் விளக்கை அணைத்துவிடுங்கள். விடிய விடிய வெளிச்சம் பட்டால் தக்காளி இலை வெளுத்துப்போகும், பாவம். மீதி 16 மணி நேரத்தில் 10 நிமிடத்துக்கொரு படம் எடுத்தால் நாளுக்கு 96. நொடிக்கு 24 படமாக ஓட்டினால் 4 நொடி. 15 நாள் வளர்ச்சி ஒரே நிமிடம்! 1910-இல் பெர்சி ஸ்மித் என்ற படக்கலைஞர் பூக்கள் மலர்வதை இப்படித்தான் படமாக்கினார். கூன் முதுகோடு மண்ணைப் பிளந்து, விதைத்தோலைத் தொப்பியாகச் சுமந்து நாற்று எழுமே, அந்தக் காட்சிக்கு முன்பே கேமராவை ஓடவிடுங்கள்.