தூசிக்கு உப்பு தெரியுமா?

தூசின்னா தூசி மாதிரி இருக்கணும்யா. நேத்துக் காலையில கட்டில்ல மல்லாந்து கெடந்துக்கிட்டு, "பிரபஞ்சத்துல நாமெல்லாம் ஒரு தூசி தாத்தா, எதுக்கும் அர்த்தமில்ல"ன்னு சொன்ன. அடடா, பிள்ளைக்கு இந்த வயசுலயே ஞானம் வந்துருச்சேன்னு கையெடுத்துக் கும்பிடப் போனேன். அதுக்குள்ள மத்தியானம் ஒங்க ஆச்சி வச்ச ரசத்துல உப்பு கொறச்சல்னு தட்டைத் தள்ளிவிட்டியே, தூசிக்கு நாக்கு எப்பய்யா மொளச்சுது? சாப்பிட்டு முடிச்சு மாடிக்குப் போயி, மூஞ்சியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பத்துப் பதினஞ்சு படம் புடிச்ச. ஒரு தூசி இன்னொரு தூசிக்கு அதை அனுப்பிவச்சு, பதில் வரலைன்னு ராத்திரி பூரா போனை வெறிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

கோவிச்சுக்கிடாத. நீ சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல. சொன்ன நேரந்தான் சரியில்ல. ஒங்க அம்மா ரேஷன் கடைக்குப் போயிட்டு வாடான்னு ரெண்டாவது தடவை கூப்பிட்டப்பதான அந்த ஞானம் வந்துச்சு?

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. எழுபது தாண்டிட்டா தூக்கம் பாதி ராத்திரியோட முடிஞ்சுபோகும். ஒங்க அப்பன் வாங்கிக் குடுத்த போன் இருக்கு. காதுல சொருகிட்டா, அண்டத்தைப் பத்தி விடியவிடியப் பேசுறதுக்கு ஆள் இருக்கு. நீ பாத்தது பத்து நிமிச வீடியோ. அதுலயும் பாதி விளம்பரம். ஆகவே தூசிக் கணக்கை எங்கிட்டக் கேளு.

ஒரு அடி குறுக்களவுல ஒரு பூசணிக்காயை எடுத்து நம்ம களத்துல வையி. அது சூரியன். பூமி ஒரு கம்பு மணி. அந்தக் கம்பு 107 அடி தள்ளி, படப்பு ஓரத்துல எங்கயாவது கெடக்கும். அமெரிக்கா, சீனா, ஐ.நா. சபை, நம்ம பஞ்சாயத்து யூனியன், ஒங்க மாமன் எட்டு வருசமா கேஸ் நடத்துற அந்த வரப்பு, அம்புட்டும் அந்த ஒத்தக் கம்பு மேல. சரி, அடுத்த பூசணிக்காய் எங்கன்னு கேளு. பக்கத்து ஊர்லயா? மதுரையிலயா? லண்டனையும் தாண்டிப் போகணும்யா! நடுவுல சொல்லிக்கிடுற மாதிரி ஒண்ணுமே கெடையாது, வெறும் பொட்டல். இப்படி பால்வீதிக்குள்ள மட்டும் சின்னதும் பெருசுமா 10,000 கோடிக்குக் கொறையாம கெடக்கு. அந்தப் பால்வீதி மாதிரியே வெளியில இன்னும் ஆயிரக்கணக்கான கோடி. இதைக் கேட்ட அன்னிக்கு எனக்கும் அடிவயித்துல என்னமோ செஞ்சுது. எந்திரிச்சுப் போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். பெறகு மாட்டுக்குத் தண்ணி வச்சோமான்னு யோசனை வந்துச்சு. வைக்கல. போய் வச்சேன்.

வானத்தைப் பாத்து ஏர் பூட்டின ஊருய்யா இது. கடிகாரம் எவன் வீட்டுல இருந்துச்சு? கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வந்துச்சா, விடிவெள்ளி மொளச்சுதான்னு பாத்துத்தான் கமலை கட்டினோம். அந்தக் கார்த்திகை இருக்கே, அதுல இருந்து இன்னிக்கு ராத்திரி ஒன் கண்ணுல படுற வெளிச்சம் ஏறக்குறைய 440 வருசத்துக்கு முந்தி கெளம்புனது. திருமலை நாயக்கர் மதுரையில மஹால் கட்டுறதுக்கும் முந்தி. அப்படி வந்து சேர்ந்த வெளிச்சத்துல நாம என்ன பாத்தோம்? இன்னும் எத்தனை நாழிகை தூங்கலாம்னு பாத்தோம்.

'செட்டியைக் கெடுத்த வெள்ளி'ன்னு ஒண்ணு சொல்லுவாக, கேட்டிருக்கியா? நடுச்சாமத்துல பளிச்சுன்னு மேல வரும். யாவாரத்துக்குப் போன செட்டியார் ஒருத்தர் அதை விடிவெள்ளின்னு நம்பி, மூட்டையைத் தூக்கிக்கிட்டு அர்த்த ராத்திரியிலயே கெளம்பிட்டாராம். வழியில கள்ளன் அத்தனையும் பறிச்சுக்கிட்டான். இதுல அந்த வெள்ளி செஞ்ச குத்தம் என்ன? அது பாட்டுக்கு அது போயிக்கிட்டிருந்துச்சு. நம்மளை எழுப்பத்தான் உதிக்குதுன்னு நெனச்சவரு இவரு. ஆனா கெட்ட பேரு வெள்ளிக்கு.

மனுசன் புத்தி அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான். ஒங்க அம்மாவைப் பாரு. ஒனக்குப் பொண்ணு அமையாததுக்குச் சனிதான் காரணம்கிறா. சூரியன்ல இருந்து 140 கோடி கிலோமீட்டர் தள்ளி வளையத்தைக் கட்டிக்கிட்டு சுத்துற சனிக்கு, கோவில்பட்டிப் பக்கத்துல ஒன் சம்பளம் எம்புட்டுன்னு தெரியுமாம். அவ 'வானம் நம்மளையே பாத்துக்கிட்டிருக்கு'ங்கிறா. நீ 'வானம் நம்மளைப் பாக்கவே இல்ல, அதனால ரேஷன் கடைக்குப் போகமாட்டேன்'ங்கிற. ரெண்டு பேரும் வானத்தைச் சாட்சிக்கு இழுக்கிறீக. அவளாவது அரிசி வாங்கியாந்தா.

இன்னொண்ணும் சொல்றேன். இந்தத் தூசித் தத்துவம் யார் வாயில இருந்து வருதுன்னு பாத்து வச்சுக்கோ. நம்ம தெருக்காரர் ஒருத்தருக்குக் கைமாத்து குடுத்திருந்தேன். ஆறு மாசம் கழிச்சுக் கேக்கப் போனா, என்னைத் திண்ணையில உக்கார வச்சு, "இம்மாம் பெரிய அண்டத்துல பணம் என்ன மச்சான் பணம்"னாரு. கடன் வாங்கினவன் இப்படிச் சொல்லித்தான் கேட்டிருக்கேன். கடன் குடுத்தவன் ஒருத்தன்கூட இதுவரைக்கும் சொல்லி நான் கேட்டதில்ல. வரப்பை நகட்டினவன் சொல்லுவான், பறிகுடுத்தவன் சொல்லமாட்டான். நானும் தலையாட்டிக் கேட்டுட்டு, "வாஸ்தவந்தான், அப்ப வாசல்ல நிக்கிற அந்த மோட்டார் சைக்கிள் தூசியை நான் ஓட்டிட்டுப் போறேன்"னு சாவியை எடுத்தேன். சாயங்காலமே பணம் வீடு தேடி வந்துருச்சு.

நாம தூசின்னு கண்டுபிடிச்சது யாருன்னு யோசிச்சியா? ஒங்க வீடியோக்காரன் அதைச் சொல்லியிருக்கமாட்டான். சொன்னாலும் ஹப்பிள்னு ஒரு பேரோட முடிச்சிருப்பான்.

அமெரிக்காவுல ஹார்வர்டு வான் ஆய்வகம்னு ஒண்ணு. அங்க நூறு வருசத்துக்கு முந்தி வானத்தைக் கண்ணாடித் தகட்டுல படம் புடிச்சு அடுக்கி வச்சிருந்தாக. அந்தத் தகட்டைக் கண்ணு பூத்துப்போக உத்துப் பாத்து, எந்த விண்மீன் எம்புட்டு வெளிச்சம்னு நோட்டுல எழுதுற வேலைக்குப் பொம்பளைகளை வச்சிருந்தாக. சம்பளம் கொறச்சாக் குடுக்கலாம்லா! ஹென்றியேட்டா லெவிட்னு ஒரு அம்மா. காது சரியாக் கேக்காது. மணிக்கு 30 சென்ட் கூலி. சில மீனுக ஒரு கணக்கோட கூடிக் கொறஞ்சு மினுக்கும். மெதுவா மினுக்குற மீன் நெசத்துல வெளிச்சம் சாஸ்தியா இருக்குன்னு அந்த அம்மா பாத்துப்புடுச்சு. தெக்கத்தி வானத்துல தெரியிற மெகல்லன் மேகத்துல 25 மீனை வச்சு, 1912ல கணக்கை எழுதிக் குடுத்துருச்சு.

இதுல என்ன பெருசுங்கிறியா? மினுக்குற வேகத்தைப் பாத்தா நெச வெளிச்சம் தெரியும். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தை அதோட வச்சுப் பாத்தா, எம்புட்டு தூரத்துல இருக்குன்னு கணக்கு வந்துரும். அண்டத்தை அளக்குறதுக்கு மொழக்கோல் கெடச்சுப்போச்சுய்யா! அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் 1923ல வான ஆராய்ச்சிக்காரர் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாங்கிற விண்மீன் கூட்டத்துல ஒரு மினுக்கு மீனைப் புடிச்சாரு. அது பால்வீதிக்கு ரொம்ப ரொம்ப வெளியில இருக்குன்னு கணக்கு வந்துச்சு. அதுவரைக்கும் பால்வீதியோட உலகம் முடிஞ்சுதுன்னு அடிச்சுப் பேசிக்கிட்டிருந்த பெரிய பெரிய ஆளுகளெல்லாம் வாயை மூடுனாக. இன்னைக்குக் கணக்குக்கு ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கு.

அந்த அம்மா அதைப் பாக்கல. 1921லயே போய்ச் சேர்ந்துருச்சு. 1925ல ஸ்வீடன்ல இருந்து ஒரு கணக்கு வாத்தியாரு, நோபல் பரிசுக்கு ஒங்க பேரைச் சொல்லலாம்னு இருக்கேன்னு கடுதாசி போடுறாரு. செத்து மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. ஆளு போன பெறகு ஆர்டர் வர்றது நம்ம ஊர் ஆபீசுல மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன். அங்கயும் உண்டுபோல. நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த அம்மா காலையில எந்திரிச்சு, "நானே ஒரு தூசி, அந்தத் தகட்டுல இருக்கிறதும் தூசி, எதுக்கும் அர்த்தமில்ல"ன்னு போர்த்திப் படுத்திருந்தா, நீ தூசின்னு ஒனக்கு யாருய்யா சொல்லியிருப்பா? சிறுசா இருக்கோம்னு தெரிஞ்சுக்கிடுறதுக்கே எம்புட்டு வேலை கெடக்கு பாரு.

நீ காட்டுனியே, அந்த நீலப் புள்ளி படம். 1990 பிப்ரவரி 14ல வாயேஜர்ங்கிற விண்கலம் 600 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்னு திரும்பிப் பாத்து எடுத்தது. ஒத்தப் புள்ளிகூட முழுசா இல்ல, அதுல ஒரு பங்குதான் பூமி. விஞ்ஞானி கார்ல் சாகன் வருசக்கணக்கா நச்சரிச்சு எடுக்க வச்ச படம். வேண்டாம், சூரியன் பக்கம் திருப்பினா கேமரா கெட்டுப்போகும்னு சொன்னவுகளும் உண்டு. படம் எல்லாரும் பாத்ததுதான். எனக்கு அதைவிட புடிச்சது 2023 கடைசியில நடந்த கூத்து. 46 வருசத்துக்கு முந்தி அனுப்பின அந்தக் கெழட்டு எந்திரம் திடீர்னு ஒளற ஆரம்பிச்சுருச்சு. அனுப்புறது ஒண்ணும் வெளங்கல. அப்ப அது நின்னது 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி. இங்க இருந்து ஒரு வார்த்தை சொன்னா போய்ச் சேர இருபத்திரெண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரெண்டரை மணி நேரம். அப்படியே கேட்டுக் கேட்டு, ஞாபகம் வச்சுக்கிடுற சில்லு ஒண்ணு செத்துப்போச்சுன்னு கண்டுபிடிச்சு, அதுல இருந்த கட்டளையைத் துண்டு துண்டா வேற எடத்துக்கு மாத்தி, 2024 ஏப்ரல்ல மறுபடி பேச வச்சுட்டாக! நம்ம தெரு டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் போயி மூணு நாளாச்சு. அது இங்க இருந்து நூறு அடி. இதுல யாரு தூசி, யாரு மலைன்னு நீயே சொல்லு.

அதே வாயேஜர்ல தங்க முலாம் பூசின தட்டு ஒண்ணு போகுதுன்னு சொன்னேன்லா, ஞாபகம் இருக்கா? எங்கயாவது எவனாவது எடுத்தா கேட்டுக்கிடட்டும்னு 55 பாஷையில வணக்கம் வச்சு அனுப்பியிருக்காக. நம்ம நாட்டுக் கேசர்பாய் கேர்க்கர் அம்மா பாட்டுகூட அதுல போகுது. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு, மராத்தி இருக்கு. யாரும் பேசாத சுமேரியம்கூட இருக்கு. தமிழ் இல்லைன்னு நான் சொல்லி வாய் மூடல, கட்டில்ல மல்லாந்து கெடந்த தூசி விசுக்குனு எந்திரிச்சு உக்காந்துச்சு! "எப்படி விடலாம், இம்புட்டுப் பழைய மொழியை எப்படி விடலாம்"னு ஒரே குதி. மூஞ்சி செவந்துபோச்சு. இதுவரைக்கும் அம்மா கூப்பிட்டு எந்திரிக்காத பய! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம வெத்தலையைப் போட்டு வாயை அடைச்சுக்கிட்டேன். அந்த எந்திரம் இன்னொரு மீனுக்குப் பக்கமாப் போகவே இன்னும் 40,000 வருசம் ஆகுமாம். அங்க எவனாவது இருக்கானான்னு தெரியாது, இருந்தா காது இருக்கான்னு தெரியாது. அதுக்கு இங்க நீ தாம்தூம்னு குதிக்கிற.

குதி. வேண்டாங்கல. ரசத்துக்கு வந்த கோவத்தைவிட இது நல்ல கோவம். நாசாவுக்கு மெயில் போடுறேன்னியே, போடு. அடுத்து ஒரு தட்டு அனுப்பினா தமிழ்ல வணக்கம் சொல்லுறதுக்கு இங்க ஒரு ஆளு தயாரா இருக்காருன்னு எழுதி, என் பேரையும் போட்டுவிடு. இனிஷியலோட போடு, மறந்துறாத. கீழத் தெருவுல இதே பேர்ல இன்னொருத்தன் இருக்கான். அவனுக்குத்தான் எம் பேருக்கு வர்ற தபாலெல்லாம் போகுது.