துடியிலக்கணம்: ஜிம்முக்குப் போவோர்க்கு

பல்லி விழுந்தால் பலன் சொன்ன முன்னோர், அங்கம் துடித்தாலும் பலன் சொல்லி வைத்தார்கள். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவின்போது கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பெண்களுக்கு இடம் நன்மை, வலம் தீமை. கேட்பவருக்கு அது தெரியும், மேற்கொண்டு விசாரணை இல்லை. மாலையில் ஸ்குவாட் போட்டவனின் ஆடுசதை இரவு பதினொன்றுக்குத் துடித்தால் என்ன பலன் என்பதற்கு மட்டும் நூல் இல்லாமல், பல வீடுகளில் விளக்கு அணையாமல் எரிகிறது. ஆகவே இது செய்யப்பட்டது. துடி இயல், அஞ்சுவோர் இயல், புறநடை என மூன்று பகுதி உடைத்து. நடுவில் உள்ளதே பெரிது.

துடியாவது, உடையவன் ஏவாமல் தசையின் ஒரு பகுதி தானே சுருங்கி விடுவது. மூளைத்தண்டிலிருந்தோ முதுகுத்தண்டிலிருந்தோ கிளம்பும் இயக்க நரம்பிழை ஒவ்வொன்றும் தசைக்குள் போய்க் கிளைத்து, தனக்கென ஒரு கூட்டம் தசைநார்களை வைத்திருக்கிறது. கண்விழியைத் திருப்பும் தசையில் அந்தக் கூட்டம் மிகச் சிறிது, பத்து நார் அளவில் இருக்கும்; ஆடுசதையில் ஆயிரத்துக்கும் மேல். களைத்த நரம்பின் நுனியில் ஒரு பொறி தானாகத் தட்டினால் ஆயிரமும் சேர்ந்து எழும். தோலுக்கடியில் எதுவோ ஓடி மறைந்த மாதிரி வெளியே தெரிவது அதனால்தான்.

வகை இடத்தால் பெயர் பெறும். இமைத்துடி தூக்கம் கெட்டவர்க்கும் காப்பி மிகுந்தவர்க்கும் உரியது. நமக்குக் கண்ணே குதிப்பதாகப் படும். எதிரில் இருப்பவரோ ஒன்றும் தெரியவில்லையே என்பார். ஆடுசதைத்துடி தலையாயது. ஓடியவர், மெரினாவில் நடந்தவர், லிஃப்ட் பழுதாகி நாலு மாடி ஏறியவர் எல்லார்க்கும் பொது. காலையில் தொடை, மதியம் முதுகு, இரவில் கட்டைவிரல் என்று இடம் மாறுவது நாடோடித்துடி. பிளாங்கில் கை நடுங்குவதும், விடியற்காலையில் குரக்கு இழுப்பதும், தூக்கம் பிடிக்கும் நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுவதும் துடியின் பங்காளிகள், துடி ஆகா.

இனி அஞ்சுவோர். இவர் நால்வகையர்.

முதலாமவர் தேடுவோர். "சதை துடிப்பது ஏன்" என்று மொபைலில் தொடங்குவார். மெக்னீசியம், தண்ணீர், தூக்கம் என்று வரும் விடைகள் எல்லாம் இவருக்குச் சப்பென்று இருக்கும். விரலை இன்னும் கீழே தள்ளி, ஏ.எல்.எஸ். என்னும் மூன்றெழுத்தைக் கண்ட பிறகுதான் ஓய்வார். இயக்க நரம்பணுக்கள் அழியும் அரிய நோய் அது. 2014இல் உலகமே பக்கெட் பக்கெட்டாக ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டது இதற்காகத்தான். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில் கண்டார்கள் என்று படித்ததும், தன் வயது அதைத் தாண்டிவிட்டதே என்று ஆறுதல் கொள்வதா, இன்னும் கூடுதலாகப் பயப்படுவதா என்பது இவருக்குத் தெளிவாகாது.

இரண்டாமவர் காட்டுவோர். கட்டில் ஓரத்தில் லுங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, டார்ச்சைக் கெண்டைக்காலில் அடித்து, மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார். துடித்த கணத்தில், "இந்தா, வந்து பாரு!" மனைவி வந்து குனிந்தால் சதை சுவரைப் போல் நிற்கும். "இப்பத்தான் துடிச்சுது." "லைட்டை அணைச்சுட்டுப் படுங்க." அவர் நாலடி போனதும் மறுபடி துடிக்கும்.

மூன்றாமவர் சோதிப்போர். இவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு, உழைப்பாளி. அந்த நோயின் தளர்ச்சி வந்துவிட்டதா என்று அறியக் குதிகாலில் ஹாலைச் சுற்றுவார், நுனிவிரலில் ஐம்பது முறை எழுவார், தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து இரண்டு தொடையும் அளப்பார். இரண்டும் சமமாக இராது, யாருக்குமே இராது. ஐம்பது முறை எழுந்த ஆடுசதை களைக்கும், களைத்தது துடிக்கும், துடித்தால் மறுநாள் நூறு முறை எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். பயிற்சியால் வந்த துடிக்குப் பயிற்சியாலேயே உரம் போடும் இவருக்கு, சோதனையை நிறுத்துவதே மருந்து என்க. அதைச் சொன்னால் நம்மை விரோதியாகப் பார்ப்பார்.

நான்காமவர் மருத்துவர். சிரிக்க வேண்டாம். நோயைப் பாடமாகப் படித்தவர்க்கே தன் துடியைக் கண்டு அதிக நடுக்கம். மருத்துவர்களிடம் காணும் இந்த அச்சத்துக்குத் தனிப் பெயரே வைத்து 2013இல் ஒரு நரம்பியல் இதழில் கட்டுரை வந்தது.

நால்வர்க்கும் பொதுவான மறுப்புரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வருகிறது. வேறு நரம்புக் கோளாறு காணாமல் துடி மட்டும் உள்ள 121 பேரை அங்கே தொடர்ந்து கவனித்தார்கள். சிலரை இரண்டு ஆண்டு, சிலரை 32 ஆண்டு வரை. ஒருவருக்கும் ஏ.எல்.எஸ். வரவில்லை என்று 1993இல் எழுதினார்கள். நோயில் முன்னே நிற்பது தளர்ச்சி. அந்தத் தளர்ச்சியும் "கால் வலுவே இல்லாத மாதிரி இருக்கு" என்னும் உணர்வு அன்று. சட்டைப் பொத்தான் போட முடியாமை, நடக்கும்போது பாதம் தூக்காமல் தரையில் இழுபடுதல். வலுவில்லை என்று புலம்பிக்கொண்டே மூன்று மாடி ஏறி வருபவர் இதில் சேரார்.

அச்சம் அடங்கத் தூக்கம், காப்பியில் ஒரு டம்ளர் குறைவு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுதல், இவை போதும். துடி உடனே நிற்காது. நிற்காவிட்டாலும் தூங்கலாம்.

புறநடை. சதை கண்ணுக்குத் தெரிய மெலிந்தாலும், பேச்சு குழறினாலும், விழுங்கப் புரையேறிக்கொண்டே இருந்தாலும், மேற்சொன்ன உண்மைத் தளர்ச்சி கண்டாலும் நரம்பியல் மருத்துவரிடம் போக. தேவையானால் அவர் ஊசி செருகிப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனை செய்வார். புதிதாக ஜிம்மில் சேர்ந்து முதல் நாளே வெறியோடு பளு தூக்கியவருக்குச் சதை வீங்கிக் கடுத்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது துடி இயலுக்குள் வராது. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது. விடியட்டும் என்று இராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக.