மார்கழிக் கப்டன்

வாட்சோ, நோர்வே
ஆடி மாதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவின் முழங்கால் எப்படி?

தங்கச்சி காட்டின படத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுக்குள்ள இடமில்லையெண்டே இஞ்சினை வெளியில தொங்க விடப்போறான்?" என்று கேட்டீர்களாம். உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். வேறு ஆரும் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அரைவாசி ஆயுள் சீநோர் படகுத் தொழிற்சாலையில் பைபர் போட் வார்த்த மனுஷன் கேட்டால் ஒழுங்காகப் பதில் எழுதத்தானே வேண்டும். தங்கச்சி, அளவு வருகிற இடங்களைப் பாய்ந்து வாசிக்காதே. ஐயாவுக்கு அதுதான் கடிதம்.

நான் வாங்கின பழைய போட்டின் பின்பலகை கட்டை. 15 அங்குலக் கால் உள்ள இஞ்சினுக்காக வெட்டினது. மலிவாக அகப்பட்ட 40 குதிரை இஞ்சினுக்கோ கால் 20 அங்குலம். அப்படியே பூட்டினால் கால் தேவைக்கு மேல் தாழ்ந்து தண்ணியை இழுத்துக்கொண்டு ஓடும். போதாக்குறைக்கு, போட்டை மெதுவாக்கினால் பின்னால் வருகிற அலை அந்த வெட்டு வழியாக உள்ளே ஏறும். இது பாரன்ட்ஸ் கடல் ஐயா, கசூரினாக் கடற்கரையில் கால் நனைக்கிற கதை இல்லை. ஆகவே வெட்டை அடைத்து, பின்பலகைக்கு வெளியே ஒரு பைபர் பெட்டியைப் பூட்டி, அதன் முதுகில் இஞ்சினை ஏற்றப் போகிறேன். பெட்டி உள்ளே வெறுமை, தண்ணி புகாது. பின்பக்கம் தாழாமல் கொஞ்சமாவது தாங்கும். போட்டுக்குப் பின்னால் தண்ணி எழும்பி வருவதால், இஞ்சின் ஒரு அடி பின்னுக்குப் போனால் ஒரு அங்குலம் உயர்த்த வேண்டும் என்பது இங்கத்தைய கணக்கு. எனக்கு இரண்டடி.

கடையில் செய்தது வாங்கலாமே என்பீர்கள். விலை கேட்டேன். கேட்ட உடனேதான் என் உடம்பில் சீநோர் இரத்தம் ஓடுவது ஞாபகம் வந்தது.

இனி இந்த நாட்டுச் சட்டத்தைக் கேளுங்கள். 25 குதிரைக்கு மேற்பட்ட இஞ்சினை ஓட்டப் பரீட்சை எழுதிப் பத்திரம் எடுக்க வேண்டும். ஆனால் 1980 தை முதலாம் திகதிக்கு முன் பிறந்தவர்களுக்கு அது வேண்டாம். 15 மீற்றர் வரை உல்லாசப் படகை அவர்கள் கொண்டு போகலாம். நான் 1979 மார்கழி. ஊர்காவற்றுறைப் பாதைப் படகில் ஏறினாலே சத்தி எடுக்கிற நான், அரசாங்கத்தின் கண்ணில் பிறவிக் கப்டன். பத்து வயதில் பெரியப்பாவோடு இஞ்சின் பிடித்த தம்பி 82இல் பிறந்த குற்றத்துக்காக, இரவில் மேசையில் இருந்து சிவப்பு விளக்கு எந்தப் பக்கம், பச்சை விளக்கு எந்தப் பக்கம் என்று பாடமாக்குகிறான். கேள்வி கேட்பது நான். விடை எனக்குத் தெரியாது, புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் திருத்துகிறேன். சாதகம் பார்க்கிறோம் என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிற சனம், பிறந்த திகதி பார்த்து இஞ்சின் கொடுக்கிறது! அம்மா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பெற்றிருந்தால் நானும் படித்திருப்பேன் என்று சொல்லுங்கள். பரீட்சை முடியுமட்டும் சுக்கான் என் கையில், கடல் தம்பியின் கண்ணில். அவன் "இடம்" என்பான், நான் திருப்புவேன்; "நேரே" என்பான், நான் சத்தி எடுப்பேன். எங்களைத் தாண்டிப் போகிற நோர்வேக் கிழவர்கள் கப்டனுக்குத்தான் கை காட்டுகிறார்கள்.

கழுத்தில் உயிர்காப்பு அங்கி, காலில் இஞ்சினை நிற்பாட்டுகிற கயிறு, இரண்டும் கட்டாயம். கயிற்றுச் சட்டம் 2023இல் வந்தது. அதை நான் பகிடி பண்ணமாட்டேன். ஆள் விழுந்தால் இஞ்சின் நிற்கும். ஊரிலும் அது இருந்திருந்தால் சில வீடுகளில் இன்றைக்கும் ஆள் இருக்கும்.

வேலைக்கு வருகிறேன். உங்களுக்கு ரெசின் வாளியில் புகைக்க முன் பூசி முடிக்கிற அவசரம். எனக்கு அது இறுகுமா என்கிற கவலை. ஆடி மாதத்திலும் இங்கே 12 பாகைக்குப் பக்கம்தான். வெயில் நடுச்சாமத்திலும் நிற்கிறது, ஆனால் சூடு இல்லை. ஹார்ட்னர் நூற்றுக்கு இரண்டு கலந்து, மாட் ஒன்று, நெய்த துணி ஒன்று என்று மாறி மாறி வைத்து, ரோலரால் குமிழி எடுத்து விட்டால், காலையில் விரலில் தொதல் மாதிரி ஒட்டுகிறது. ஹார்ட்னரைக் கூட்டவும் பயம், பொரிந்து வெடித்துவிடும். கடைசியில் கராஜுக்குள் தார்ப்பாயால் ஒரு கூடாரம் கட்டி, உள்ளே ஹீட்டர் வைத்தேன். வீட்டு அறையை விட இஞ்சின் பெட்டிக்கு அதிக சூடு என்று உங்கள் மருமகள் மின்சாரப் பில்லைக் கொண்டுவந்து காட்டினாள். ரெசின் மணம் புட்டுக்குள்ளும் வருகிறதாம். வரும்தான். பின்னேரம் நீங்கள் வேலையால் வந்து சேட்டைக் கழற்றி வேலியில் போடும்போது வருகிற மணம் அது. பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் கராஜில் வேலை இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

1967இல் தொடங்கின சீநோரில் நோர்வேக்காரர் நின்று பழக்கினதாகச் சொல்லுவீர்கள். அவர்களின் ஊரில் இருந்துகொண்டு நான் காரைநகருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் நல்லவன்தான், ஆனால் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் கூப்பிட்டால் அடுத்த கிழமை புதன் ஆறு மணிக்கு வரலாமா என்கிறான். மீன் தொழிற்சாலையில் நின்று நின்று தோள்மூட்டுப் போன பிறகு பாரம் தூக்க ஆள் வேண்டியிருக்கிறது ஐயா. அங்கே என்றால் கேட்காமலே பத்துப் பேர் வந்து, எட்டுப் பேர் புத்தி சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இப்போது தேவையும் அந்தப் புத்திதான். துருப்பிடிக்காத அரை அங்குல போல்ட்டுக்குப் பெரிதாகத் துளைத்து, ரெசின் குழைத்து நிரப்பி, பிறகு திரும்பத் துளைக்க இருக்கிறேன், உள்ளிருக்கும் பலகைக்குத் தண்ணி போகாமல். ஆனால் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் இடது கீழ் மூலையில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்கிறது, மற்ற இடமெல்லாம் கணீர் என்கிறது. பலகை உக்கிவிட்டதா? அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமா, முழுவதையும் கழற்ற வேண்டுமா? தட்டுகிற சத்தத்தைப் பதிந்து தங்கச்சியின் போனுக்கு அனுப்புகிறேன். காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை துளை போடமாட்டேன்.

இப்படிக்கு
உங்கள் மூத்த மகன்