நனையப் போறவனுக்கு நாலு வார்த்தை

வா ராசா, வா. போர்ட்லாண்டுல இருந்து வில்சன் ஆத்தோரமா அந்தப் பெரிய வண்டிய வளைச்சு வளைச்சு ஓட்டிட்டு வந்திருக்கே, மொதல்ல அடுப்புகிட்ட உக்காரு. ஏதோ கரகரன்னு சத்தம் கேக்குதே, சிப்ஸ் பொட்டலம் பிரிக்கிறியா? ஓ, மழைக்கோட்டா! நானூறு டாலரா? நல்ல கோட்டுதான். உள்ள ஒரு சொட்டு இறங்காது. நீ கைய ஒருதரம் மடக்கினா போதும், எதிர் மலையில படுத்திருக்கிற எல்க் மான் கூட்டம் மொத்தமும் மரியாதையா எழுந்து நிக்கும்.

சிரிக்காதே. போன வாரம் போன்ல நீ கேட்ட கேள்வியச் சொல்லி உங்க பாட்டி இன்னும் சிரிச்சிட்டு இருக்கா. "தாத்தா, வேட்டை சீசன்ல மழை இல்லாத நாள் எது?" டில்லமூக்குல, நவம்பர் மாசத்துல! வருஷத்துக்கு ஏறத்தாழ 90 அங்குலம் பெய்யற ஊருடா இது. என் தொழுவத்துப் பசுவுக்கே வெயில் அடிச்சா என்னமோ ஏதோன்னு பயம். கடலோர எல்க் கொம்பனை ரைபிள்ல சுடறதுக்கு ஒரேகான் சர்க்கார் குடுக்கிறதே முதல் தவணையில 4 நாள், ரெண்டாவதுல 7 நாள். அதுல காஞ்ச நாளாப் பொறுக்கி எடுப்பேன்னா, நீ வேட்டைக்காரன் இல்லே, கல்யாணத்துக்கு முகூர்த்தம் பாக்கிறவன்.

இந்த மலையில திரியறது ரூஸ்வெல்ட் எல்க். அந்த ஜனாதிபதி பேருதான். உடம்பு கனத்துல மத்த ஊரு எல்க்கெல்லாம் இதுக்குத் தம்பி. நல்ல கொம்பன் ஆயிரம் பவுண்டு வரைக்கும் நிக்கும். குளிர்கால முடி ஒவ்வொண்ணும் உள்ளே குழல், அதுக்குக் கீழே கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு. அதுக்குக் கோட்டு வாங்கிக் குடுத்தது யாரு? பிறந்ததுல இருந்து நனைஞ்சுக்கிட்டே இருக்கிற ஜந்து, மழைக்குப் பயந்து எங்கேயும் போயிடாது. போறது நீதான். பத்து மணிக்கு வண்டிக்குள்ள ஏறி, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடி பூரா ஆவி படிய சாண்ட்விச் தின்னுட்டு, "ஒண்ணுமே கண்ணுல படலே தாத்தா"ன்னு வந்து நிப்பே. கண்ணாடியத் துடைச்சிருந்தாலாவது பட்டிருக்கும்.

புயல் வர்றதுக்கு முன்னால அதுங்க வயிறு முட்ட மேயும். காத்து கிளம்பி மரம் ஆடினா, காத்து படாத சரிவுல, நெருக்கமா வளர்ந்த இளங்காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கும். அந்த நேரத்துல மரமெல்லாம் அசையுது, கிளையெல்லாம் முறியுது, அதுக்குக் காதும் உதவாது, கண்ணும் உதவாது. அதனாலே பதட்டமா இருக்கும், மூக்கை மட்டும் நம்பும். அப்புறம் மழை மெலிஞ்சதும், மரம் வெட்டின வெட்டவெளி ஓரமா ஒண்ணொண்ணா வெளியே வந்து உடம்ப உதறும். மழை விட்டும் தூவானம் விடலேன்னு நீ அலுத்துக்கிறியே, அந்தத் தூவானந்தான்டா வேட்டை. அதுக்குள்ள நீ பாதி வழி போர்ட்லாண்டு போயிருப்பே.

மழையால உனக்கு நல்லதும் இருக்கு. காஞ்ச நாள்ல இந்தக் காட்டுல நடக்கிறது அப்பளத்து மேல நடக்கிற மாதிரி. நனைஞ்சா ஃபெர்னும் இலையும் மெத்தை. நீ நடக்கிறதும் ஒரு நடைதான்னு மழை ஒத்துக்கும். பழைய தடத்தை எல்லாம் அழிச்சும் குடுக்கும். சேத்துல விளிம்பு கூரா ஒரு குளம்பு தெரிஞ்சா மழைக்கு அப்புறம் மிதிச்சது. விளிம்பு உருண்டு உள்ளே தண்ணி கட்டியிருந்தா, அது போய் நேரமாச்சு. போன வருஷம் நீ மூணு மணி நேரம் துரத்தினது ரெண்டாவது வகை. நான் ஒண்ணும் சொல்லலே. பெரியவங்க குறுக்கே பேசக்கூடாதில்லே?

காத்துதான் சமாச்சாரம். ஒரு சின்னப் புட்டியில பவுடர் வச்சிருக்கியே, பீச்சிப் பாக்கிறதுக்கு, மழையில அது களியாயிடும். உனக்குக் கடவுள் ஒரு மூஞ்சி குடுத்திருக்கானே, நனைஞ்ச மூஞ்சி. எந்தக் கன்னம் சில்லுனு இருக்கோ காத்து அந்தப் பக்கம். வெயில் நாள்ல காலையில குளிர்ந்த காத்து பள்ளத்துக்கு இறங்கும், சூடேறினா மேலே ஏறும், அதை நம்பி நடக்கலாம். மூடாப்பு நாள்ல அந்தக் கணக்கு சரியா வராது, புயல் காத்து பள்ளத்துக்குப் பள்ளம் சுத்தும். எல்க்குக்கு உன் வாடை ஒரு மூச்சு போதும். அதுவும் நீ தேய்ச்சிக் குளிக்கிற சோப்புக்கு அரை மூச்சே தாராளம்.

ரைபிள் குழல் வாய்க்கு எலெக்ட்ரிக் டேப் ஒரு துண்டு ஒட்டு. தண்ணியும் சேறும் உள்ளே போகாது. சுடும்போது அதைக் கிழிக்கவும் வேண்டாம், அதுவே போயிடும். ஸ்கோப் கண்ணாடிக்கு மூடி போடு, அது மேல மூச்சு விடாதே. ஓரமா மூக்கைத் திருப்பி விடு, பெரிய வித்தை இல்லே.

இப்ப சிரிக்காம சொல்றது ஒண்ணு. மழையில தூரத்து வெடி வேண்டாம். ரத்தத் தடம் தண்ணியில கரைஞ்சு போகும். காஞ்ச நாள்ல அரைமணி நேரம் பொறுத்துப் போன்னு நானே சொல்வேன், கொட்டற மழையில அந்தப் பொறுமை அடிபட்ட ஜீவனைப் புதருக்குள்ள தொலைக்கிறதுல முடியும். அது நின்ன இடத்துல ஒரு ரிப்பன் கட்டு, போன திசைய மனசுல வாங்கு, அடி மேல அடியா பின்னாலேயே போ. நெஞ்சுல நிச்சயமா படும்னு தெரியாத வெடிய வெடிக்காதே. சுட்டுட்டுத் தொலைச்சவன் இந்த வீட்டு மேஜையில சாப்பிட உக்காரக் கூடாது. உங்க அப்பனுக்கும் இதேதான் சொல்லியிருக்கேன்.

கறியையும் மழையில போடாதே. அது கறி, துணி இல்லே, அலச. குளிருதே, கெடாதுன்னு நினைக்காதே. அவ்வளவு பெரிய உடம்புக்குள்ள சூடு எலும்பை ஒட்டி உக்காந்திருக்கும். தோலை உரிச்சு, தொடையப் பிரிச்சு, ஆறவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே தொங்க விடு. மேல்தாடையில ரெண்டு பக்கமும் தந்தம் மாதிரி பல்லு ஒண்ணொண்ணு இருக்கும், அதை உங்க பாட்டிக்குக் கொண்டு வா. கம்மல் பண்ணிக்குவா.

அந்த ஜீன்ஸைக் கழட்டு. பருத்தித் துணி நனைஞ்சா உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். பனி கொட்டற நாளைவிட, தண்ணி உறையாத இந்த ஈரக்குளிர்தான் நிறைய பேரை மண்ணுக்குள்ள அனுப்பியிருக்கு. நடுங்குவே, கை பொத்தானைப் பிடிக்காது, அப்புறம் குளறிக் குளறிப் பேசுவே. உன்கிட்ட மூணாவது அடையாளத்தை மட்டும் கண்டுபிடிக்க முடியாது. கம்பளிச் சட்டை என் பெட்டியில இருக்கு, ஆட்டு நாத்தம் அடிக்கும், பரவாயில்லே.

மரம் சாயற காத்துல காட்டுக்குள்ள நிக்காதே. கொலராடோ உச்சியில செப்டம்பர்ல இடிக்குப் பயப்படணும். இங்க இடி எப்பவாவதுதான், கிளைதான் எமன். 1962 அக்டோபர் 12, எனக்குப் பதினாலு வயசு. சாயங்காலம் அடிச்ச காத்துல தொழுவத்துக் கூரை பறந்தது, மலையில மரமெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி படுத்துச்சு. நீ நாளைக்கு ஏறப் போற மலை அதுக்கு முன்னாலேயே 1933-ல எரிஞ்சது. அப்புறம் 39, 45, 51, ஆறு வருஷத்துக்கு ஒருதரம் தவணை கட்டின மாதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நாங்க போய் நட்ட கன்னுதான் இன்னிக்கு நீ சாயற மரம். சாயறப்போ ஒரு நன்றி சொல்லு.

சரி, நேரமாச்சு. நாலரைக்கு எழுப்பறேன். எப்பவும் போல தெக்கால இருக்கிற கேட்டுல வண்டிய நிறுத்திட்டு மேட்டுமேல வடக்கே பாத்து நட. ஆமா, புயலுக்கு முன்னால தெக்குக் காத்துதான் அடிக்கும், உன் முதுகுல. அதனால என்ன? வழி சுலபம்.

எனக்கா? எனக்கும் வேட்டைச் சீட்டு இருக்கு. ஆனா இந்த முழங்காலோட மலை ஏற முடியுமா? கொட்டகையில காபியோட உக்காந்திருப்பேன். மேட்டுக்கு வடக்கே இறங்கினா நம்ம மேய்ச்சல் நிலந்தானே, வேலியப் பாத்துக்கணும். போன வருஷம் நீ அம்பது பவுண்டு கறி எடுத்துட்டுப் போனியே, எங்கே சுட்டீங்கன்னு கேட்டே, கொட்டகைக்குப் பின்னாலேன்னேன், கிண்டல்னு நினைச்சு விழுந்து விழுந்து சிரிச்சே.

கம்பளிச் சட்டைய உள்ளே போட்டுக்கோ, குளிரும். மேல அந்த நானூறு டாலர் கோட்டு. கழட்டிடாதே ராசா, நல்லா சத்தம் வருது.