புகைக்குழாய் வாத்தியார்

1541-ல் எட்டாம் ஹென்றி ஒரு சட்டம் போட்டார். கூலியாள், கைவினைஞன், வேலைக்காரன் எவனும் பௌல்ஸ் உருட்டக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் சலுகை. அதுவும் எஜமான் வீட்டில்தான். இவன்கள் பந்து உருட்டிக்கொண்டிருந்தால் வில்வித்தை பழகுவது யார் என்பது மன்னரின் கவலை. ஆண்டுக்கு நூறு பவுண்டு நில வருமானம் உள்ளவருக்கு அந்தக் கவலை பொருந்தாது. உரிமம் வாங்கிக்கொண்டு சொந்தப் புல்தரையில் உருட்டலாம். மன்னர் மனைவிகளை மாற்றிய வேகத்தில் சட்டத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. 1845 வரை அது நீடித்தது.

தடை போடும் அளவுக்கு அப்படியென்ன ஆட்டம்? தூரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதன் பக்கத்தில் உங்கள் பெரிய பந்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய பந்தின் உருவமே ஒருபக்கச் சாய்வு. அரசாங்கக் கோப்பு மாதிரி, நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய இன்னும் வளையும். கிரிக்கெட்டின் தாடி டாக்டர் டபிள்யூ.ஜி. கிரேஸே இதில் மயங்கி, 1903-ல் இங்கிலாந்து பௌலிங் சங்கத்தின் முதல் தலைவராக உட்கார்ந்தார்.

இந்தச் சாம்ராஜ்யத்தைப் பிடித்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். டேவிட் பிரையன்ட், 1931-ல் சாமர்செட்டின் கிளீவ்டனில் பிறந்தவர். வாயில் எப்போதும் புகைக்குழாய். விரிப்பின் மேல் வந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். பாதையைக் கண்ணால் அளப்பார். பிறகு எழுந்து, ஓர் அடி எடுத்து வைத்து, பந்தை விடுவார். விளையாட்டு வீரன் என்றால் வியர்க்க வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு அந்தக் காட்சி பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

1962-ல் பெர்த் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர், நால்வர் என்று இரண்டு தங்கம். 1966-ல் கிங்ஸ்டனில் பௌல்ஸ் ஆட்டத்தையே சேர்க்கவில்லை. அவரைத் தடுக்க அதுவரை கண்டுபிடிக்கப்பட்ட ஒரே வழி அதுதான். அதுவும் பலிக்கவில்லை. அதே ஆண்டு சிட்னியில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை எடுத்துக்கொண்டார். காமன்வெல்த்தில் மறுபடி பௌல்ஸ் வந்ததும் 1970, 1974, 1978 மூன்றிலும் ஒற்றையர் தங்கம் அவருக்கே. மனிதர் தோற்கவும் செய்தார்: 1972 உலகப் போட்டி சொந்த நாட்டு வொர்திங்கில் நடந்தும், பட்டத்தை வேல்ஸ்காரர் மால்ட்வின் எவான்ஸ் கொண்டுபோனார். பிரையன்ட் அவசரப்படவில்லை. 1980-ல் ஒன்று, 1988-ல், 56 வயதில், இன்னொன்று.

இடையில் கம்பளத்தின் மேல் ஆடும் உள்ளரங்க உலகப் போட்டி 1979-ல் தொடங்கியது. முதல் மூன்று வருடமும் கோப்பை அவர் வீட்டுக்கே போனது. ஹென்றியின் சிம்மாசனத்தில் இருந்த இரண்டாம் எலிசபெத், 1980-ல் அவருக்கு சி.பி.இ. விருது கொடுத்தார். பந்து உருட்டியதற்கு!

வாத்தியார் புத்தி போகுமா? எப்படி ஆடுவது என்று புத்தகங்கள் எழுதினார். ஊர் ஊராக ஆட்கள் அவர் மாதிரியே குத்துக்காலிட்டார்கள். காப்பியடிக்க முடிந்தது உட்காருவதை மட்டும்தான்.

தேறியவர் டோனி ஆல்காக், 24 வயது இளையவர். முறைப்படி சீடர் இல்லை, ஜோடி ஆட்டக்காரர். நான் சீடர் என்றே சொல்வேன். இருவருமாக 1986 முதல் 1992 வரை ஆறு முறை உள்ளரங்க உலக இரட்டையர் பட்டத்தை அள்ளினார்கள். ஆல்காக் தனியாகப் புல்தரையில் 1992, 1996 உலகப் பட்டங்கள். பிரையன்ட்டை விட ஒன்று குறைவு. பிற்பாடு பௌல்ஸ் இங்கிலாந்து அமைப்பின் தலைமை நிர்வாகியாகவும் ஆனார். உள்ளரங்க ஒற்றையரில் 1986, 1987 என்று இரண்டை வைத்துக்கொண்டு நெடுநாள் பொறுத்திருந்து, 2002-ல் மூன்றாவதையும் வென்று வாத்தியார் கணக்கைச் சமன் செய்தார். நாலாவதை வெல்லவில்லை. பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.