எங்கள் பேட்டை கவுன்சலிங் வள்ளல்

எங்கள் பேட்டை என்ன புண்ணியம் செய்ததோ, மருந்துக் கடை மாடியில் ஒரு கவுன்சலிங் சென்டர் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நடத்தும் சாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதாவிட்டால் பேனா பிடித்த பாவம் சும்மா விடாது. தனியார் ஆலோசகரிடம் போகுமுன் அதைக் கேள், இதைப் பார் என்று சில படித்தவர்கள் ஜனங்களைப் பயமுறுத்துகிறார்கள். சாரிடம் அந்தத் தொல்லையே கிடையாது. கேள்வி கேட்க அவர் வாயைத் திறக்க விட்டால்தானே?

முதலில் படிப்பு. சுவரில் இனி ஆணி அடிக்க இடமில்லை. இரண்டு நாள் ஹிப்னாடிசப் பயிற்சி, கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் பயிற்சி, ரெய்கி, கல்யாண மண்டபத்தில் சால்வையோடு வாங்கிய கௌரவ டாக்டர் பட்டம் என்று எல்லாவற்றுக்கும் தங்க நிற ஃபிரேம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டுமாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாமாம். இதெல்லாம் சந்தேகப் பிராணிகளுக்கு. சார் சாமர்த்தியசாலி, போர்டில் ‘கவுன்சலர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்தப் போர்டை மாட்டுகிறவரிடம் நடைமுறையில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான், ஒரு எழுத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கும் பெயின்டர்.

ரகசியம் காப்பதில் சாருக்கு நிகர் சார்தான். அவர் அறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றை பிளைவுட் தடுப்பு. உள்ளே ஒருவர் அழுதால் வெளியே காத்திருக்கும் ஆறு பேரும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு வருகிறவரின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். முறையாகப் பயின்றவர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், முதல் நாளே வந்தவரைக் கலவரப்படுத்துவார்கள்: “நீங்கள் சொல்வது எனக்குள் இருக்கும். ஆனால் உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், குழந்தை மீதான பாலியல் கொடுமை தெரியவந்தால் நான் சொல்லியாக வேண்டும்.” கடைசியில் சொன்னது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் எல்லோர் மீதும் சுமத்தியிருக்கும் கடமை. ரகசியத்துக்கு எங்கே எல்லை என்று இப்படிக் கணக்குப் பார்க்கும் கஞ்சத்தனம் சாரிடம் இல்லை. மருமகள் சொன்னதை மாமியாருக்கு அன்று மாலையே போனில் சொல்லிவிடுவார். மறுநாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், பெயரைப் பெருந்தன்மையோடு நீக்கிவிட்டு, தெருவையும் உத்தியோகத்தையும் மட்டும் போடுவார்.

அந்தத் தடுப்பின் புண்ணியத்தில் நானும் ஒரு அமர்வைக் கேட்டேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ராத்திரித் தூக்கமே இல்லை என்று ஆரம்பித்தார்.

“தூக்கமா? நான் சொல்றேன் கேளும்மா. எங்க பெரியக்கா புருஷன் குடிச்சுட்டு வருவார். அக்கா ஒரு வார்த்தை பேசியிருக்குமா?”

“இல்ல சார், எனக்கு ஆபீஸ்ல...”

“இரும்மா, கதையே இனிமேதான்.”

பெரியக்கா, சின்னக்கா, சாரின் காதல் தோல்வி, அதிலிருந்து அவர் எழுந்த விதம் எல்லாம் வரிசையாக வந்தன. அமர்வுக்கு 50 நிமிடம் என்பது உலக வழக்கம். அதில் 40 நிமிடத்தை சாரே பேசிக் கொடுத்துவிட்டார். கடைசியில், “அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று பிரசாதம்போல ஒரு வரி. அந்தப் பெண் வெளியே வந்து, டேபிள் மேல் ஒட்டியிருந்த க்யூஆர் கோடுக்கு நேரே போனை நீட்டினார். சாரின் மனப் பாரம் அன்று கணிசமாகக் குறைந்திருக்கும். யார் யாருக்குக் காசு கொடுப்பது என்பதில்தான் எனக்குச் சின்னக் குழப்பம்.

அவருடைய துணிச்சலையும் சொல்ல வேண்டும். எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவமும் படித்த டாக்டர் எழுதிய மாத்திரையை ஒரே பேச்சில் நிறுத்துகிறார். “அதெல்லாம் கெமிக்கல், பழக்கமாயிடும்.” மருந்து எழுதும் உரிமை இல்லாத ஒருவர் நிறுத்தும் உரிமையைத் தானாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய தியாகம்! சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், பழைய நோயே திரும்பி வரும் என்பதெல்லாம் டாக்டர்கள் படும் கவலை. இது என் கைக்கு மீறியது, வேறொருவரிடம் போங்கள் என்ற வாக்கியம் சாரின் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை.

போன மாதம் ஒரு தம்பதி கல்லூரிப் பையனை அழைத்து வந்தார்கள். அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறதாம், மாற்றித் தர வேண்டுமாம். “பதினஞ்சு சிட்டிங்ல கல்யாணத்துக்கு ரெடி பண்ணிடலாம்” என்றார் சார். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, இப்படிச் சிகிச்சை என்ற பெயரில் ஈர்ப்பை மாற்றும் முயற்சிகளுக்குத் தடை போட்டது. அந்த வழக்குக்காகவே, தனக்கு இந்த விஷயத்தில் அறிவு போதாது என்று நீதிபதியே ஒரு உளவியலாளர் முன் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாற்ற முயலும் மருத்துவரை நடத்தை தவறியவர் என்றது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கே தெரியாத விஷயம் இருக்கலாம். சாருக்கு இருக்குமா?

பண விஷயத்தில் ரொம்ப நேர்த்தி. கட்டணம் எவ்வளவு, வர முடியாத நாளுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், பாதியில் நிறுத்தினால் மீதி வருமா என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்களே, அந்தப் பேப்பர் வேலை இங்கே இல்லை. பத்து அமர்வுக்கு முன்பணம், அவ்வளவுதான். ரசீது கேட்டவரிடம், “நமக்குள்ள என்னங்க?” என்று தோளில் கை போட்டார். பாசம் என்றால் அது!

1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இன்றும் நடக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். இதையெல்லாம் சொல்லி யாருடைய மனதையும் சார் அலைபாய விடுவதில்லை. நாலைந்து அமர்வுக்கு ஒருமுறை நிறுத்தி, எதற்காக வந்தோம், ஏதாவது மாறியிருக்கிறதா, இன்னும் எத்தனை நாள் என்று இருவரும் உட்கார்ந்து பேசும் வழக்கம் வேறு இடங்களில் உண்டு. இங்கே பத்தாவது அமர்வின் முடிவில் சார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டாவது பேக்கேஜுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, இன்றைக்கே கட்டிவிடுகிறீர்களா?