மிடி தீர்ந்த கதை

மிடி என்னும் சொல்லுக்கு நம் நிகண்டுகள் வறுமை என்று பொருள் கூறுகின்றன. என் இளமைக் காலத்துப் பெண்மணிகளோ, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் ஒரு தினுசுப் பாவாடை என்று அதற்குப் பொருள் கண்டார்கள். இவ்விரண்டும் போதாவென்று, 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்து வாத்தியக் கம்பெனிகளும் ஜப்பான் தேசத்து வாத்தியக் கம்பெனிகளும் சமரசமாகி, ஒருவர் செய்த கீபோர்டு மற்றவர் செய்த கீபோர்டுடன் சம்பாஷிப்பதற்கென்று ஒரு பொதுப் பாஷையை வகுத்து, அதற்கும் மிடி என்றே நாமகரணம் செய்துவிட்டன. இம்மூன்று பொருள்களுள் பாவாடைக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மற்ற இரண்டும் வெவ்வேறல்ல, ஒன்றேதான் என்னும் உண்மையை என் அறுபத்தெட்டாம் பிராயத்தில், ஒரு பழைய சவுண்டு கார்டின் திருவருளால் அறிந்துகொண்டேன்.

அந்தக் கார்டு சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற ஜாதியைச் சேர்ந்தது. 1998-ல் உலகத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் என் வீட்டுக்கு வந்தது. அக்காலத்தில் எனக்குச் சங்கீதத்தில் பிரேமை உண்டு, குரல் கிடையாது. இவ்விரண்டுக்குமுள்ள இடைவெளியைக் கம்ப்யூட்டரைக் கொண்டு நிரப்பிவிடலாமென்ற பேராசையால், ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்த கையோடு மேஜைக்கு முன் உட்கார்ந்து, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வரங்களை ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டி மிடிக் கோப்புகளாகச் சேமித்துவந்தேன். ஆறு மாதத்தில் பன்னிரண்டு உருப்படிகள் தேறின.

நோட்டுஸ்வரங்களை நான் தேர்ந்தெடுத்தது பக்தியினால் மாத்திரமல்ல. மிடியில் சட்ஜமத்துக்கு 60 என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், ரிஷபம் 62, காந்தாரம் 64 என்று எல்லாம் படிக்கட்டுப்போல் நிற்கும். ஒரு படிக்கும் மறு படிக்கும் நடுவே வழுக்கிச் செல்லச் சக்கரம் ஒன்று உண்டு. அதற்கு 16,384 நிலைகளும் உண்டு. ஆனால் தோடியின் காந்தாரத்தை அந்தச் சக்கரத்தைச் சுற்றி அசைத்துப் பார்த்த இரவில், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். தீக்ஷிதரோ, சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளிலேயே, சங்கராபரணத்தில், கமகமென்பதே இல்லாமல் ஏறக்குறைய 40 உருப்படிகளைச் செய்து வைத்திருக்கிறார். 'சந்ததம் பாஹிமாம்' என்பதை இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டிலேயே அமைத்தார். இயந்திரத்துக்கென்றே இயற்றியவைபோல் அவை படிக்கட்டில் கச்சிதமாக ஏறி இறங்கின.

இருபத்துச் சொச்ச வருஷம் கழித்து, பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடி, மருமகன் ஒரு புதிய கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தார். கோப்புகள் பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன. புதிய இயந்திரம் அவற்றை வாசிக்கவும் வாசித்தது. ஆனால் குரல் வேறாக இருந்தது. பால்ய சிநேகிதன் வாசலில் நின்று கூப்பிடுவதாக எண்ணிக் கதவைத் திறந்தால், அங்கே அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவன் நிற்பதுபோன்ற ஏமாற்றம் உண்டாயிற்று. பரணிலிருந்த பழைய கார்டைப் புதிய கம்ப்யூட்டரில் பொருத்தியே தீருவதென்று அன்றே சங்கல்பம் செய்துகொண்டேன். "அதையேதான் யூட்யூப்ல அருமையாப் பாடியிருக்காங்களே" என்றாள் என் சகதர்மிணி. உண்மைதான், ஆனால் பிறர் அருமையாகப் பாடுவதைக் கேட்பதில் நாம் வாசித்ததைக் கேட்கும் சுகம் ஏது?

புதிய மதர்போர்டில் அந்தக் காலத்து பிசிஐ ஸ்லாட் கிடையாது. ஆகவே கார்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். பத்துக் கடைகளில் அதைப் பார்த்தவர்கள், காணாமற்போன தாத்தாவின் போட்டோவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினோராவது கடைப் பையன், "சார், இதை வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றான். பாட்டு கேட்கப் போவதாகச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏணிமேல் ஏறி, புதிய ஸ்லாட்டில் பழைய கார்டைச் செருக வழிசெய்யும் கன்வெர்ட்டர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தான். "வேலை செய்யலைன்னா திருப்பி எடுக்க மாட்டேன் சார். ஆனா செஞ்சா வந்து சொல்லுங்க" என்றான். வியாபாரத்துக்கு நடுவே இப்படியொரு ஜிக்ஞாசை இருப்பதைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது.

கார்டின் அடிவிளிம்பில் வரிசையாகத் தங்கப் பற்கள் உண்டு. அவை கறுத்துக் கிடந்தன. பேத்தியின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, வெற்றிலைப் பெட்டிக்கு மெருகு ஏற்றுவதுபோல் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். கறுப்பு உருண்டை உருண்டையாக உதிர்ந்து, மஞ்சள் நிறம் மினுங்கியது. செருகினேன், மூடினேன், ஸ்பீக்கர் ஒயரைப் பின்புறத்தில் தடவிப் பார்த்துச் சொருகினேன். புதிய கம்ப்யூட்டரை நடத்தும் லினக்ஸ் எழுந்ததும் சாதனங்களின் ஜாபிதாவில் கார்டின் பெயர் ஸ்பஷ்டமாகத் தெரிந்தது. சோதனைக்காக ஒரு மணியோசையை ஒலிக்கச் சொன்னேன். 'டிங்' என்று கணீரென ஒலித்தது. ஆஹா, கிழவனுக்கு உயிர் இருக்கிறதென்று ஆனந்தித்து, நோட்டுஸ்வரத்தைத் தட்டினேன். விநாடி முள் ஓடிற்று. ஸ்வரங்கள் திரையில் மினுக்கி மறைந்தன. பாட்டு ஆரம்பித்து, நடந்து, இனிது முடிந்தது. சத்தம் மாத்திரம் வரவில்லை.

அந்த மௌனம் மூன்று நாள் நீடித்தது. மூன்று நாளும் புத்தி தெளிய வேண்டியவற்றைப் படித்தேன். அப்போதுதான் மிடி என்பது சப்தமே அல்ல என்பது புரிந்தது. ஒரு முழுப் பாட்டு பத்து கிலோபைட்டுக்குள் அடங்குவதன் ரகசியமும் அதுதான். எந்த ஸ்வரம், எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு அழுத்தம், எப்போது விட வேண்டும் என்ற கட்டளைகள் மாத்திரமே அதில் உண்டு. அதாவது அது ஸ்வரம் எழுதிய நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகத்தைக் காதில் வைத்துக்கொண்டால் பாட்டு கேட்குமா?

நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டியது கார்டு. அதற்கு முந்தைய கார்டுகள் பலவற்றில் யமஹாவின் சில்லு ஒன்றிருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்த உபாயப்படி, ஓர் அலையைக்கொண்டு மற்றோர் அலையை நடுங்கவைத்து, ஏதோ கூழோ கஞ்சியோ தன் கையாலேயே ஒரு நாதத்தைக் காய்ச்சி ஊற்றிவிடும். 1994-ல் வந்த ஏ.டபிள்யு.இ. 32 என்ற கார்டு, வாத்தியங்களின் ஒலியையெல்லாம் ஒரு மெகாபைட் அளவில் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டிருந்தது. என் கார்டோ 64 குரல்களை ஏககாலத்தில் எழுப்ப வல்லது. ஆனால் சொந்தமாக ஒரு புல்லாங்குழல்கூடக் கிடையாது. வாத்தியங்களின் ஒலியை 'சவுண்ட்ஃபான்ட்' என்ற கோப்பிலிருந்து கம்ப்யூட்டரின் ஞாபக சக்தியில் இறக்கிவைத்தால், அங்கிருந்து இரவல் வாங்கி வாசிக்கும். கல்யாண வீட்டுக்கு 64 வித்வான்கள் வந்து, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, தலையாட்டிக்கொண்டு, கையில் வாத்தியமில்லாமல் மூன்று நாளாகக் கச்சேரி செய்திருக்கிறார்கள்! மிடி என்றால் வறுமை என்ற நிகண்டாசிரியர் தீர்க்கதரிசி.

பழைய நாளில் இந்த இரவல் எப்படி நடந்ததென்றால், கார்டுடன் வந்த சிடி, கேளாமலேயே அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டிருந்தது; நானோ அத்தனை வாத்தியமும் கார்டின் பிறவிச் சொத்து என்று நம்பியிருந்தேன். இப்போது அந்த சிடி எங்கே? அலமாரி, பரண், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, வியர்த்து விறுவிறுத்துக் காற்றுக்காகப் பால்கனியில் வந்து நின்றபோது, அது துணிக்கொடியில் நூலால் கட்டுண்டு, வெயிலில் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தது. புறாக்களை விரட்டுவதற்காக என் மனையாள் கட்டி வைத்தது. "அதை எடுத்தா புறா வந்துடும், சொல்லிட்டேன்" என்று அவள் எச்சரித்ததைப் பொருட்படுத்தாமல் அவிழ்த்து, சோப்பு நீரில் கழுவி, வேட்டி நுனியால் துடைத்துப் போட்டேன். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை படித்தது. எட்டு மெகாபைட் சவுண்ட்ஃபான்ட் ஒன்று சேதமின்றிக் கிடைத்தது.

அதை ஏற்றிய பிறகும் மௌனம். இம்முறை குற்றம் விலாசத்தில். லினக்ஸில் மிடி வாங்கிக்கொள்ளும் வாசல்களுக்கெல்லாம் எண் உண்டு. நான் பட்டியலில் முதலில் கண்ட 14-ஆம் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அது 'மிடி த்ரூ' என்னும் வெறும் இடைகழி. வந்ததை, தன்னோடு இணைந்திருப்பவரிடம் கைமாற்றிவிடும். ஒருவரும் இணைந்திராவிட்டால் சிவனே என்று இருக்கும். என் வித்வான்கள் குடியிருந்ததோ 17-ஆம் எண். பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவில் இரண்டு எண்களைத் தாங்கும் சென்னையில் ஆயுள் முழுவதும் கழித்தவன் இதில் ஏமாந்திருக்கலாகாது. எண்ணை மாற்றினேன். மௌனம். ஒலி அளவுகளைக் காட்டும் கம்பங்களில் 'சிந்த்' என்ற கம்பம் தரையோடு தரையாகக் கிடப்பதைக் கண்டு, அதை உச்சிக்கு ஏற்றினேன். அப்போதும் மௌனம்.

தோற்றவனுக்கு வரும் தத்துவ ஞானம் எனக்கும் வந்து, எல்லாம் மாயை என்று நாற்காலியில் சாய்ந்த சமயம், தன் ரப்பரைத் தேடிக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி மேஜைக்கடியில் நுழைந்தாள். அங்கிருந்து குரல் வந்தது: "தாத்தா, நீங்க மாட்டின கார்டு கீழ இருக்கு. ஸ்பீக்கர் ஒயர் மேல இருக்கிற ஓட்டையில இல்ல இருக்கு?"

மேலேயிருந்த ஓட்டை புதிய மதர்போர்டின் சொந்த ஓட்டை. அன்று 'டிங்' என்று ஒலித்து, கிழவனுக்கு உயிர் இருக்கிறதென்று நான் ஆனந்தக் கண்ணீர் விட்டது அந்த மதர்போர்டின் மணிக்கு. கிழவனைப் பாவம், ஒருவரும் ஒன்றுமே கேட்கவில்லை.

"மாத்தட்டுமா தாத்தா?" என்றாள். மாற்றினாள். அந்தக் கணமே மேஜைமேலிருந்து 'சந்ததம் பாஹிமாம்' புல்லாங்குழலில் புறப்பட்டது. உச்சத்திலிருந்த 'சிந்த்' கம்பத்தின் புண்ணியத்தால் தெருக்கோடி வரை கேட்டது. 1999-ஆம் வருஷத்து அதே குரல். மூன்றாவது வரியில் நான் தப்பாகத் தட்டிய அதே மத்தியமம். சமையலறையிலிருந்து வந்து முழுவதையும் நின்று கேட்ட என் சகதர்மிணி, "இது பழைய செல்போன் மணி மாதிரியே இருக்கே" என்றாள். அவள் கூற்றில் அநியாயமில்லை. பழைய செல்போன்கள் பலவும் மிடியைத்தான் வாசித்தன.

ரிச்சி தெருப் பையனிடம் போய்ச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லி, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். சவுண்ட்ஃபான்டை மூன்று இடங்களில் பிரதி எடுத்துக்கொண்டு, சிடியை மறுபடியும் துணிக்கொடியில் கட்டிவிட்டேன். அதற்குள் பால்கனியில் ஒரு ஜோடிப் புறா கூடு கட்டி முட்டையிட்டுவிட்டபடியால், குஞ்சு பறக்கும் வரை வீட்டில் நான் வாய் திறக்க யோக்யதை இல்லை. வாசகர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சப்தம் வரவில்லையென்றால், சாஸ்திரங்களைப் புரட்டுவதற்கு முன், மேஜைக்கடியில் ஒரு குழந்தையை அனுப்பிப் பாருங்கள்.